ஒத்தை நட்சத்திரம் போட்ட தம்பிக்கு

இன்னாடா தம்பி, பட்டறைக்காரனுக்கு ஒத்தை நட்சத்திரம் போட்டுட்டியாமே? சந்தோசம். எண்ணெய் ஒழுகுறது நின்னுதா?

நிக்காது. அதையெல்லாம் வண்டி படிக்காது பாரு.

உன்னை எனக்குத் தெரியாதா? நம்ம புதுச்சேரி தேங்காய்த்திட்டு உப்புக்காத்துல துரு ஏறிடுமேன்னு காலையில ஒரு துணி, சாயங்காலம் ஒரு துணின்னு துடைக்கிறவன் நீ. சீட்டுக்கு ஒரு உறை, டேங்குக்கு ஒரு உறை. புதுப்பொண்ணு மாதிரி வச்சிருந்த. அப்பேர்ப்பட்ட வண்டிய சர்வீஸுக்கு வுட்டப்ப இன்னா பண்ண? ஏசி ரூம்ல குந்தி ஓசிக் காப்பி குடிச்ச. "சார்"னு கூப்பிட்டாங்க, குளுந்து போய்ட்ட. நீட்டுன ஜாப் கார்டுல எங்க கையெழுத்துன்னு மட்டும் கேட்ட.

அந்தக் காகிதத்துல இன்னா இருந்திச்சு, சொல்லு பாப்போம். மீட்டர்ல எத்தினி கிலோமீட்டர், டேங்குல எவ்வளவு பெட்ரோல், எங்க கீறல், எங்க நசுங்கல், எல்லாத்துக்கும் கட்டம் போட்டிருக்கும். உன்னுதுல கட்டம் பூரா காலி. கீழ உன் கையெழுத்து மட்டும் ஜோரா இருக்குது. இப்ப அவன் "ஏற்கெனவே அப்படித்தான் சார் இருந்திச்சு"ங்கிறான். எதை வச்சி இல்லேம்ப? தட்டுல வச்ச சோத்தைப் படம் எடுக்கத் தெரியுது. வண்டிய நாலு பக்கமும் ஒரு படம், மீட்டரை ஒரு படம் எடுக்கத் தோணலையா?

ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருதே, அப்ப நம்ம துறைமுகத்துப் பக்கம் ஒரு நடை போய்ப் பாரு. போட்டெல்லாம் நிறுத்தி ரிப்பேர் நடக்கும். இன்ஜினைப் பிரிக்கிறப்ப போட்டுக்காரரு வெத்தலை மென்னுக்கிட்டு பக்கத்துலயே குந்தியிருப்பாரு. பேசறது ஊர்க்கதை. கண்ணு ஸ்பேனர் மேல. கழட்டுன பழைய சாமானை சாக்குல கட்டி வூட்டுக்கு எடுத்தாந்துடுவாரு. அவரு போன்ல எந்த ஆப்பும் கிடையாது.

உன் வண்டிக்கு நடந்தது இன்னான்னு தெரியுமா? அடியில எண்ணெய் வடிக்கிற போல்ட்டு இரும்பு. அது உக்கார்ற சேம்பர் அலுமினியம். இரும்பு கெட்டி, அலுமினியம் மெத்து. எவ்வளவு முறுக்கணும்னு கம்பெனி கணக்கு குடுத்திருக்குது. அந்தக் கணக்குல நிறுத்த டார்க் ரெஞ்சுன்னு ஒண்ணு இருக்குது. அது சுவத்துல அழகா மாட்டியிருக்கும், நீ காப்பி குடிச்ச எடத்துலேர்ந்தே தெரிஞ்சிருக்கும். நேத்து வேலைக்குச் சேந்த பையன் நீளமான ஸ்பேனரைப் போட்டு, ஒழுகக் கூடாதேன்னு நல்ல எண்ணத்துல இன்னும் ஒரு சுத்து வுடுவான். மரை போச்சு. அப்புறம் வெள்ளை டேப்பைச் சுத்தி, எம்-சீலை அப்பி, தண்ணி அடிச்சித் துடைச்சி, பளபளன்னு உன் கையில குடுப்பாங்க. மறுநாள் வண்டி நின்ன எடத்துல கறுப்பா ஒரு வட்டம்.

அதுக்கு நீ கேட்டது புது இன்ஜின்! ஏண்டா, மரை போனது வண்டிக்கா உனக்கா? உள்ளார ஹெலிகாயில் போட்டு புது மரை குடுத்தா வேலை முடிஞ்சிது. மனசு ஒப்பலேன்னா அந்த அடிச் சேம்பரை மாத்திக் குடுன்னு கேளு, நியாயம். அளவா கேட்டா குடுக்கறவனும் அளவா மொறைப்பான்.

மரத்தடி மெக்கானிக்கிட்ட போயிருக்கலாம்னு இப்ப ஒப்பாரி வைக்காத. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வர்ற பிஎஸ்-6 வண்டியில ஒயரும் சென்சாருமா கெடக்குது. கார்புரேட்டரைக் கழட்டி வாயால ஊதி அடைப்பெடுத்த காலம் மலையேறிப் போச்சு. தெரியாதவன் கைய வச்சா மரத்தடி இன்னா, மாடி இன்னா?

வாசல்ல "வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல"ன்னு போர்டு தொங்குதே, அதைப் பாத்து பேசாம வந்துட்டியா? பொறுப்பில்லாதவன்கிட்ட எவனாச்சும் சாவி குடுப்பானா? 1872லயே ஒப்பந்தச் சட்டம், 151ஆம் பிரிவுல எழுதி வச்சிட்டான் இங்கிலீஷ்காரன். அப்ப நம்ம ஊரு பிரெஞ்சுக்காரன் கையில இருந்திச்சு, அது வேற கதை. இப்ப நமக்கும் அதுதான். அடுத்தவன் பொருளை வாங்கி வச்சிக்கிறவன், புத்தியுள்ள மனுசன் தன் பொருளைக் காப்பாத்துற அளவுக்கு அதைக் காப்பாத்தணும். டெல்லி தாஜ்மகால் ஹோட்டல்ல 1998ல ஒருத்தரு மாருதி ஜென் கார் சாவிய ஊழியர்கிட்ட குடுத்துட்டு உள்ள போனாரு. திரும்பி வந்தா கார் இல்ல. "ஓனர் பொறுப்பு"ன்னு அச்சடிச்ச சீட்டைக் காட்டிச்சு ஹோட்டல். நீ மொதல்ல ஒழுங்கா பாத்துக்கிட்டேன்னு காட்டு, அப்புறம் சீட்டைக் காட்டுன்னு 2019 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. அவ்வளவு பெரிய ஹோட்டல் சீட்டே செல்லலேன்னா உன் பட்டறை போர்டு எம்மாத்திரம்?

21 வருசம் ஆச்சேங்கிறியா? அதுக்குத்தான் மொதல்ல பேசிப் பாருங்கிறேன். பேசறதுன்னா கத்தறது இல்ல. ஆத்திரத்துல வேற பட்டறைக்கு ஓடி சரி பண்ணிடாத. சரி பண்ணா சாட்சி போச்சு. படம் எடு, இன்னொரு நல்ல மெக்கானிக்கிட்ட மரை போயிருக்குதுன்னு எழுதி வாங்கு. அதுவரைக்கும் வண்டிய எடுக்காத. எண்ணெய் இல்லாம ஓட்டி இன்ஜின் சீஸ் ஆச்சுன்னா பழி உன் தலையில.

சரி பண்ண வண்டிய மறுபடி அங்கயே வுட்டா, காசு குடுக்க மாட்டேன்னு மல்லுக்கும் நிக்காத. செஞ்ச வேலைக்குக் கூலி வர்ற வரைக்கும் வண்டிய நிறுத்தி வைக்க அதே சட்டத்துல 170ஆம் பிரிவு அவனுக்கும் ஒரு பிடி குடுத்திருக்குது. குடுத்துடு. பில்லுலயே "ஆட்சேபத்தோட குடுத்தேன்"னு எழுதிடு. பில்லு இல்லேன்னா ஐநூறு கொறைக்கிறேன்னு சொல்லுவான், பல்லைக் காட்டாத. பில்லு இல்லாத நீ அவனுக்கு யாரோ.

அப்பவும் மசியலையா? புதுச்சேரியில மாவட்ட நுகர்வோர் ஆணையம் எதுக்கு இருக்குது? நீ குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்ல. ரெண்டு வருசத்துக்குள்ள போவணும். கெடுத்தது வெளியூர் பட்டறையா இருந்தாலும் நீ குடியிருக்கிற எடத்துலயே போடலாம், 2019 சட்டம் அப்படி. வழி தெரியலேன்னா 1915க்கு போன் அடி. மூணு மாசத்துல முடிக்கப் பாக்கணும்னு சட்டத்துல எழுதியிருக்குது. நீ எதுக்கும் அடுத்த வருச காலண்டரையும் வாங்கி வச்சிக்க.

அதுக்கு முன்னாடி பட்டறைக்கு ஒரு கடுதாசி, ஸ்பீட் போஸ்ட்டுல. தேதி, வண்டி நம்பர், ஜாப் கார்டு நம்பர், நடந்தது இன்னா, வேணுங்கிறது இன்னா. அவ்வளவுதான். அழுவுற மூஞ்சி பொம்மை எல்லாம் போடாத. எங்க, பேனாவ எடு, இப்பவே எழுதிடலாம்.

பேனா இல்லையா? அப்ப ஜாப் கார்டுல போட்ட கையெழுத்து? அவங்க பேனாவா? அடப்பாவி, அதையாவது எடுத்தாந்திருக்கலாமேடா.