கிழமைப் பொருளும் நோட்பேட் அழிப்பும்: ஒரு சிற்றாய்வு

ஆறாம் வேற்றுமைக்குரிய கிழமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பகுப்பர் இலக்கண நூலார். 'என் கை' முன்னது. 'என் வீடு' பின்னது. 'என் கணினி' எதில் அடங்கும் என்று அவர்கள் சொல்லாமல் போனது அவர்கள் குற்றமன்று. அக்குறையைப் போக்கவே இந்த ஆய்வு.

ஆய்வுப்பொருளாக விண்டோஸ் 10-இன் சிஸ்டம்32 கோப்புறையில் உறையும் நோட்பேட்.எக்ஸ்இ தெரிவு செய்யப்பட்டது. யார் வம்புக்கும் போகாத கோப்பு. அதை ஏன் அழிக்க வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்ட கேள்வியாதலால் விடையளிக்கப்படவில்லை.

டெலிட் அழுத்தியதும், டிரஸ்டட்இன்ஸ்டாலரிடம் அனுமதி பெற வேண்டும் என்று ஓர் அறிவிப்பு வந்தது. கீழே 'மீண்டும் முயல்க' என்றொரு பொத்தான். எத்தனை முறை அழுத்தினாலும் விடை மாறாத இடத்தில் இதை வைத்தவருக்கு ஏதேனும் அரசு அலுவலகத்தில் முன்னனுபவம் இருந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு.

யார் இந்த டிரஸ்டட்இன்ஸ்டாலர் எனின், ஆளே அல்லர். அப்டேட்களை நிறுவுவதற்காகத் திரைக்குப் பின்னால் ஓடும் ஒரு சேவை. 2007-இல் விஸ்டா கடைக்கு வந்தபோது சிஸ்டம் கோப்புகள் இவர் பேருக்கு எழுதப்பட்டன. அட்மினிஸ்ட்ரேட்டர் என்று நெஞ்சை நிமிர்த்தி நிற்பவர்கூட அவற்றைப் படிக்கலாம், இயக்கலாம், அழிக்க இயலாது. கணினிக்குக் காசு கொடுத்தவன் நான், கரண்ட் பில் கட்டுபவன் நான், பத்திரம் மட்டும் அவர் பேரில்.

இதற்கு முந்தைய விண்டோஸ் 2000, எக்ஸ்பி காலத்து வழக்கம் வேறு. அவை அழிக்க விடும். அழித்தவர் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள், டிஎல்எல்கேஷ் என்ற மறைவிடத்திலிருந்து பிரதியை எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிடும். வேதாளம் மறுபடி முருங்கை மரத்தில்.

அதற்கும் முந்தைய விண்டோஸ் 98-இல் காவலே கிடையாது. அதன் பலனை 2001-இல் உலகம் கண்டது. எஸ்யுஎல்எஃப்என்பிகே.எக்ஸ்இ என்ற கோப்பு வைரஸ், உடனே அழியுங்கள், நண்பர்களுக்கும் சொல்லுங்கள் என்று மின்னஞ்சல் சுற்றியது. நீளமான கோப்புப் பெயர்களைக் காப்பாற்றித் தரும் சாதுவான கருவி அது. மறு ஆண்டு ஜேடிபிஜிஎம்ஜிஆர்.எக்ஸ்இ மாட்டியது. ஜாவா சம்பந்தப்பட்ட அக்கோப்புக்குக் கரடிபொம்மைச் சின்னம் அமைந்தது விதி. அந்தக் கரடியே குற்றத்துக்குச் சாட்சி ஆயிற்று. வைரஸ் எழுதும் சிரமம்கூட இல்லாமல், வாசித்தவர்களையே வைரஸாக வேலை வாங்கிய அந்த அநாமதேயரை நினைத்தால் டிரஸ்டட்இன்ஸ்டாலர் மீது கொஞ்சம் மரியாதை வருகிறது. ஆயினும் ஆய்வு ஆய்வுதான்.

கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகியாகத் திறந்து 'டேக்ஓன்' என்ற ஆணையைக் கொடுத்தேன். இது பட்டா மாறுதல். கோப்பு என் பேருக்கு வந்தது. கர்வத்தோடு டெலிட் அழுத்தினேன். இம்முறை, கோப்பை மாற்ற என்னிடம் அனுமதி பெற வேண்டும் என்று என்னிடமே சொன்னது. உடைமை வேறு, உரிமை வேறு என்ற நுட்பத்தை இதைவிடத் தெளிவாக எந்த உரையாசிரியரும் விளக்கியதில்லை. எனக்கு நானே அனுமதி வழங்கும் ஆணைக்கு 'ஐகேக்கல்ஸ்' என்று பெயர். கிரயப் பத்திரத்தில் எழுதுவார்களே, சர்வ சுதந்திர பாத்தியம், அதை எழுதிக்கொண்டேன். கோப்பு போயிற்று. விண்டோஸ் கோப்புறையில் இருந்த அதன் இரட்டைப் பிறவியையும் இதே முறையில் அனுப்பிவைத்தேன்.

பிறகுதான் தெரிந்தது, நான் அழித்தது வெறும் பெயரை. வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற கிடங்கில் அதே உடலுக்கு இன்னொரு பெயர் உண்டு. ஹார்டு லிங்க் என்பர். கடைசிப் பெயர் இருக்கும்வரை வட்டில் உடலுக்கு அழிவில்லை. ஆக 'என் கணினி' தற்கிழமையும் அன்று, பிறிதின்கிழமையும் அன்று. பிறன்கிழமை என மூன்றாவதாக ஒன்று கொள்ளத்தக்கது.

இம்முடிவை மறப்பதற்குள் குறித்துவைக்க ஒரு சின்ன செயலி தேவைப்பட்டது. கமாண்ட் பிராம்ப்ட் இன்னும் திறந்தே இருந்தது. 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்' என்று அடித்துவிட்டு, நோட்பேட் திரும்பி வரும்வரை காத்திருந்தேன்.