அட்டையைக் காட்டினா அரிப்பு நிக்குமா, மருமவனே?

வா மருமவனே, உக்காரு. சொறியிறதை நிறுத்திட்டு உக்காரு. சரி, முடியலேன்னா சொறிஞ்சுக்கிட்டே கேளு.

இடுப்புல வட்டம் வட்டமா ஏறி நிக்குதே, அது படர்தாமரை. மெடிக்கல் கடைத் தம்பிகிட்ட டியூப் வாங்கித் தடவினியாக்கும்? ரெண்டே நாள்ல அடங்கியிருக்குமே! அடங்கும்யா. ஸ்டீராய்டு கலந்த களிம்பு செவப்பை அமுக்கும், அரிப்பை அமுக்கும். உள்ள இருக்கிற பூஞ்சை மட்டும் நிம்மதியா வளரும். தடவுறதை நிறுத்திப் பாரு, தொடை வரைக்கும் பட்டா போட்டுரும்.

டவுனுக்குப் போயி ஸ்கின் டாக்டரைப் பாரு. போர்டுல பளபளன்னு சிரிக்கிற பொம்பளைப் படத்துலயே நின்னுராதே, பேருக்குப் பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு பாரு. எம்.டி. டி.வி.எல்., டி.டி.வி.எல். மாதிரி இருக்கணும். தோலு, பால்வினை நோயி, தொழுநோயி மூணுக்கும் சேத்த படிப்பு அது. அதனால பக்கத்துல ஒருத்தன் மூஞ்சியை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா கதை கட்டாதே, உன்னையும் அவன் அப்படித்தான் பாப்பான். தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் பதிவுல டாக்டர் பேரு இருக்கான்னு செல்லுலயே தேடலாம். பொண்ணு பாக்கப் போனப்போ மூணு ஊர்ல விசாரிச்ச ஆளு நீ, இது முடியாதா?

இனி அந்த இன்சூரன்ஸ் அட்டை. பர்சுல முருகன் படத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கியே, கம்பெனி குடுத்தது. ஆஸ்பத்திரியில ‘எங்க இன்சூரன்ஸ் எடுப்பீங்களா?’ன்னு கேட்டா, ‘எடுப்போம் சார்’ம்பாங்க. பொய்யில்ல. படுத்தா எடுப்பாங்க. முக்காவாசிப் பாலிசி 24 மணி நேரமாச்சும் பெட்டுல கிடந்தாத்தான் காசு குடுக்கும். படர்தாமரைக்கு எவன் உனக்குப் பெட்டு போடுவான்? டாக்டர் பீசு, மாத்திரை, களிம்பு எல்லாம் ஓ.பி. செலவு. அது பாலிசியில இருந்தாத்தான் உண்டு.

அதனால கேக்குறதை மாத்திக் கேளு. அட்டைக்குப் பின்னால இருக்கிற நம்பருக்குப் போன் போடு. ‘ஓ.பி. உண்டா, வருசத்துக்கு எவ்வளவு, இந்த டாக்டர் உங்க லிஸ்டுல இருக்காரா, கேஷ்லெஸ்ஸா, இல்ல நான் கட்டிட்டுப் பில்லு அனுப்பணுமா?’ன்னு கேளு. சொன்னதை மெயில்ல வாங்கிக்க. வாய்ச்சொல்லுக்கு அங்க மதிப்பில்ல. அப்படியே மங்கு போக்க லேசர் வைக்கலாம்னு நெனைக்காதே, அழகுச் செலவுன்னு தள்ளிருவான். ரேஷன் கார்டை வச்சு எடுத்தியே முதலமைச்சர் காப்பீடு, அதுவும் பட்டியல்ல உள்ள பெரிய வைத்தியத்துக்குத்தான்.

இவ்வளவு ரோதனை எதுக்குன்னா, பெரியாஸ்பத்திரிக்குப் போ. மெடிக்கல் காலேஜ்ல தோல் பிரிவு இருக்கு. காலையிலயே போயி ஓ.பி. சீட்டு வாங்கு. அங்கயும் அதே டி.வி.எல். படிச்சவங்கதான், ஏ.சி. மட்டும் இருக்காது. கௌரவம் இடிக்குதா? தாராளமா டவுன்ல பீசைக் கட்டு, உன் காசு.

பொண்டாட்டிக்கும் அரிக்குதான்னு கேட்டியா? முழிக்கிறதைப் பாரு! ஒரே துண்டுல துடைச்சா ஒட்டாம என்ன செய்யும்? அவளையும் கூட்டிட்டுப் போ. சாதா டவுன் பஸ்ல அவளுக்கு இலவசம், உனக்குத்தான் காசு.