ஐம்பது முழ ஆணவம்

இந்தியா முதல் எத்தியோப்பியா வரை 127 மாகாணங்கள். அத்தனைக்கும் அதிபதி பாரசீக ராஜா அகாஸ்வேரு. பட்டத்துக்கு வந்த மூன்றாம் வருஷம், தன் செல்வத்தைக் கொஞ்சம் ஊருக்குக் காட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. நம்மைப் போன்றவர்கள் ஒரு நாள் காட்டுவோம், மிஞ்சினால் இரண்டு நாள். அவர் 180 நாள் காட்டினார். பிரபுக்களும் தளபதிகளும் அரை வருஷம் 'ஆகா, ஓகோ' சொல்லி வாய் வலித்து ஓய்ந்த பிறகு, சூசான் நகரத்து ஜனங்களுக்கென்று தனியாக ஏழு நாள் விருந்து. ஏழாம் நாள், திராட்சரசம் தலைக்கேறிய வேளையில், காட்சிக்கு வைக்க விட்டுப்போன ஒரே ஒரு அயிட்டம் ஞாபகம் வந்தது. பெண்டாட்டி.

ஏழு பிரதானிகள் போய் ராணி வஸ்தியை அழைத்தார்கள். வர முடியாது என்று சொல்லிவிட்டாள். ராஜாவுக்கு ஆவேசம். உடனே மந்திரிசபை கூடியது. மெமுகான் என்பவன் எழுந்தான். "இது உங்கள் வீட்டு விஷயம் என்று நினைக்காதீர்கள் மகாராஜா. ராணியே மாட்டேன் என்றால், நாளைக்கு எங்கள் வீட்டில் எங்களை எவள் மதிப்பாள்?" சபை ஏகமனதாகத் தலையாட்டியது; எல்லோரும் கல்யாணமானவர்கள் போலிருக்கிறது. வஸ்தியின் பட்டம் பறிபோயிற்று. அவனவன் தன் வீட்டுக்குத் தானே எஜமான் என்று, ஒவ்வொரு மாகாணத்துக்கும் அந்தந்த மொழியில் சர்க்குலர் பறந்தது. இந்தச் சர்க்குலரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அகாஸ்வேரு கி.மு. 486 முதல் 465 வரை ஆண்ட முதலாம் செர்க்சஸ்தான் என்பது பெரும்பாலோர் கருத்து. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸைக் கேட்டால் செர்க்சஸின் ராணிக்கு வேறு பெயர் சொல்கிறார். இதையெல்லாம் சொல்லும் பைபிளின் எஸ்தர் புத்தகம் வரலாறா கதையா என்று ஆய்வாளர்கள் இன்னும் தலையைச் சொறிகிறார்கள். ஆனால் அதே ஹெரோடோட்டஸ் இன்னொன்றும் சொல்கிறார். ஹெலஸ்பாண்ட் ஜலசந்தியில் போட்ட பாலத்தைப் புயல் உடைத்தபோது, கடலுக்கு 300 சாட்டையடி கொடுக்கச் சொன்னாராம் செர்க்சஸ். சமுத்திரத்தையே அடித்த மனுஷர், மாட்டேன் என்ற மனைவியை விட்டுவைப்பாரா?

விரட்டியாயிற்று. கோபம் தணிந்ததும் அரண்மனை வெறிச்சென்று இருந்தது. தேசமெங்கும் அழகிகளைத் திரட்டி, ஆறு மாதம் வெள்ளைப்போளத் தைலம், ஆறு மாதம் வாசனைத் திரவியம் என்று ஒரு வருஷம் ஊறப்போட்டு ராஜாவிடம் அனுப்பினார்கள். தேர்வானவள் எஸ்தர், தாய் தகப்பன் இல்லாத யூதப் பெண். பெரியப்பா மகன் மொர்தெகாய்தான் அவளை மகளாக வளர்த்தவர். 'நாம் இன்னார் என்று மூச்சு விடாதே' என்று சொல்லி அனுப்பியவரும் அவரே.

மொர்தெகாய் அரண்மனை வாசலில் உட்கார்ந்திருப்பவர். அங்கே காவலிருந்த இரண்டு பேர் ராஜாவைத் தீர்த்துக்கட்டப் போட்ட திட்டம் அவர் காதில் விழுந்தது. எஸ்தர் மூலம் தகவல் கொடுத்தார். சதிகாரர்கள் தூக்கில் தொங்கினார்கள். விஷயம் ராஜாவின் நாளாகமப் புத்தகத்தில் முறைப்படி பதிவானது. பதிவானதோடு சரி. உயிரைக் காப்பாற்றியவருக்கு ஒரு வெற்றிலை பாக்குகூட வரவில்லை.

பதவி உயர்வு வேறு ஒருவனுக்கு வந்தது. அவன்தான் நம் கதாநாயகன் ஆமான். எதற்காக உயர்த்தினார்கள் என்று புத்தகம் சொல்லவில்லை. ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் யாரும் அதைக் கேட்கவும் மாட்டார்கள். ஆமான் வந்தால் வாசலில் இருப்பவர்கள் எல்லோரும் விழுந்து வணங்க வேண்டும் என்பது ராஜ கட்டளை. எல்லோரும் விழுந்தார்கள். மொர்தெகாய் விழவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆமான் அதைக் கவனிக்கவே இல்லை. கும்பிட்ட முதுகுகளைப் பார்த்துக்கொண்டே போகிறவனுக்கு, கும்பிடாத ஒரு தலை எப்படிக் கண்ணில் படும்? வாசல் ஊழியர்கள்தான் தினமும் மொர்தெகாயிடம் 'ஏன் சார்?' என்று கேட்டுப் பார்த்தார்கள். அவர் யூதர் என்று தெரிந்ததும், என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று ஆமானிடம் போய்ப் போட்டுக்கொடுத்தார்கள். அன்றோடு ஆமானின் தூக்கம் போயிற்று. ஆணவக்காரன் கணக்கு இப்படித்தான். வந்த ஆயிரம் கும்பிடு வரவில் ஏறாது. வராத ஒன்று மட்டும் கடனாக நிற்கும்.

ஒரு ஆளை மட்டும் கொல்வது அவன் அந்தஸ்துக்குக் குறைச்சலாகப் பட்டது. மொர்தெகாயின் இனத்தையே ராஜ்யம் முழுக்க ஒழித்துவிடத் தீர்மானித்தான். நல்ல நாள் பார்க்கச் சீட்டுப் போட்டான். வருஷத்தின் முதல் மாதத்தில் போட்ட சீட்டு, கடைசி மாதமான ஆதார் 13-ஐக் காட்டியது. ராஜாவிடம் போய், 'சட்டத்தை மதிக்காத ஒரு ஜனம் இருக்கிறது' என்றான். பெயரைச் சொல்லவில்லை. ஒழிக்க அனுமதித்தால் கஜானாவுக்குப் பத்தாயிரம் தாலந்து வெள்ளி கட்டுவதாகச் சொன்னான். எந்த ஜனம் என்று ராஜா கேட்கவில்லை. முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு இருவரும் குடிக்க உட்கார்ந்தார்கள்.

இதற்கிடையில், ஒழிப்பு ஆணை பறந்ததை அறிந்த எஸ்தர், கூப்பிடாமல் ராஜா முன் போனால் தலை போகும் என்று தெரிந்தும் போனாள். ராஜா செங்கோலை நீட்டினார். 'பாதி ராஜ்யம் வேண்டுமா?' என்றார். 'விருந்துக்கு வாருங்கள், ஆமானையும் அழைத்து வாருங்கள்' என்றாள். வந்தார்கள். 'நாளைக்கும் வாருங்கள்' என்றாள். ஆமானுக்குத் தலைகால் புரியவில்லை. துள்ளிக்கொண்டு வெளியே வந்தான். வாசலில் மொர்தெகாய். எழுந்திருக்கவில்லை. அசையக்கூட இல்லை.

வீட்டுக்குப் போனவன் மனைவி சிரேஷையும் சிநேகிதர்களையும் உட்கார வைத்து, தன் சொத்து எவ்வளவு, பிள்ளைகள் எத்தனை, பதவி எவ்வளவு பெரிது என்று வரிசையாகச் சொன்னான். பத்துப் பிள்ளைகளையும் பெற்றவளிடமே பிள்ளைக் கணக்கு! "ராணி விருந்துக்கு ராஜாவைத் தவிர என்னை மட்டும்தான் கூப்பிட்டாள். ஆனால் அந்த மொர்தெகாய் அங்கே உட்கார்ந்திருக்கிற வரைக்கும் இதெல்லாம் எனக்கு ஒன்றுமே இல்லை."

"இதுக்கா இவ்வளவு வருத்தம்? ஐம்பது முழத்துக்கு ஒரு தூக்குமரம் செய்யச் சொல்லுங்க. காலையில ராஜாகிட்ட கேட்டு அவனை அதுல ஏத்திட்டு, விருந்துக்குச் சந்தோஷமாப் போங்க" என்றாள் சிரேஷ். வீட்டுக்கு எஜமான் தலையாட்டினான். சர்க்குலர் அமலில் இருந்த லட்சணம் இது. ஐம்பது முழம் என்றால் சுமார் 75 அடி, ஏழு மாடி உயரம். ஒரு கழுத்துக்கு எட்டு அடி போதும். மிச்சமெல்லாம் ஊர் பார்ப்பதற்கு.

அன்று ராத்திரி ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை. நாளாகமப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னார். அரசாங்கப் பதிவேட்டைவிடச் சிறந்த தூக்க மருந்து ஏது? ஆனால் அந்தப் பழைய சதிச் சமாசாரம் வந்தது. "இந்த மொர்தெகாய்க்கு என்ன செய்தோம்?" "ஒன்றும் செய்யவில்லை." அந்த நேரம் பார்த்து, தூக்குமரத்துக்கு அனுமதி வாங்க வெளிமுற்றத்தில் வந்து நின்றான் ஆமான்.

"உள்ளே வாப்பா. ராஜா ஒருவனுக்கு மரியாதை செய்ய ஆசைப்பட்டால் என்ன செய்யலாம்?"

என்னைவிட்டால் வேறு யார், என்று ஆமானின் மனசு சொல்லிற்று. வாய் பட்டியலை ஒப்பித்தது: ராஜா உடுத்திய உடுப்பு, ராஜா ஏறிய குதிரை, கிரீடம். பிரதான பிரபு ஒருவன் அவனை நகர வீதியில் நடத்திக்கொண்டு போய், ராஜா மரியாதை செய்ய விரும்பும் மனுஷனுக்கு இப்படித்தான் செய்யப்படும் என்று கூவ வேண்டும்.

"பிரமாதம். வாசலில் உட்கார்ந்திருக்கிற மொர்தெகாய்க்கு அப்படியே செய். சொன்னதில் ஒன்றும் குறையக் கூடாது."

இந்த ஊர்வலத்தை யூத மத நூலான டால்மூதின் ஆசிரியர்கள் விட்டுவிடுவார்களா? ஆமான் 22 வருஷம் ஒரு கிராமத்தில் முடி திருத்தியவன் என்பது அவர்கள் சொல்லும் கதை. ராஜ உடுப்புப் போடுவதற்கு முன் மொர்தெகாய்க்கு அவனே முடி வெட்டினானாம். "உபவாசம் இருந்து உடம்பு தளர்ந்துவிட்டது, குதிரை ஏற முடியவில்லை" என்றாராம் மொர்தெகாய். ஆமான் குனிந்தான். முதுகில் கால் வைத்து ஏறினார். ஏறும்போது ஒரு உதையும் விட்டாராம். வழியில் ஆமானின் மகள் மாடியிலிருந்து பார்த்து, குதிரையில் இருப்பவர் அப்பா, பிடித்துக்கொண்டு போகிறவன் மொர்தெகாய் என்று நினைத்து, கழிவுப் பானையைச் சரியாகக் குறி பார்த்துக் கவிழ்த்தாளாம்.

தலையை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். "இனி நீங்க அவன்கிட்ட ஜெயிக்க முடியாது" என்றாள் மரம் நடச் சொன்ன அதே சிரேஷ். அவள் முடிப்பதற்குள் விருந்துக்கு ஆள் வந்துவிட்டது. அங்கே எஸ்தர், 'என்னையும் என் ஜனத்தையும் கொல்ல விற்றவன் இவன்தான்' என்று கை காட்டினாள். ராஜா கோபமாகத் தோட்டத்துக்குப் போனார். ஆமான் உயிருக்குக் கெஞ்சி ராணியின் மஞ்சத்தில் விழுந்தான். திரும்பி வந்த ராஜாவுக்குக் காட்சி வேறு மாதிரி தெரிந்தது. "என் வீட்டிலேயே, என் கண் முன்னேயே ராணி மேல் கை வைக்கிறானா?" பக்கத்தில் நின்ற அற்போனா மெல்லச் சொன்னான்: "இவர் வீட்டில் ஐம்பது முழத்தில் ஒரு மரம் தயாராக இருக்கிறது மகாராஜா." ஏழு மாடி உயரம் வீண்போகவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ராஜ முத்திரை விழுந்த ஆணையை ராஜாவாலும் ரத்துசெய்ய முடியாது. பாரசீகத்தின் கௌரவம் அப்படி. ஆகவே யூதர்கள் ஆயுதம் எடுத்துத் தற்காத்துக்கொள்ளலாம் என்று இன்னொரு ஆணை. ஆதார் 13 வந்தபோது மாகாணங்களில் மட்டும் 75,000 பேர் செத்தார்கள் என்கிறது புத்தகம். ஆமானின் பத்துப் பிள்ளைகளும் போனார்கள். ஒருவன் வாசலில் விழுந்து கும்பிடாததற்கு வந்த பில் இது.

இத்தனைக்கும் இந்தப் புத்தகத்தின் எபிரேய மூலத்தில் கடவுள் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. மின்னல் இறங்கவில்லை, தீர்க்கதரிசி வந்து திட்டவில்லை. மரியாதைப் பட்டியல் போட்டதும் மரத்தைச் செய்யவைத்ததும் ஆமானேதான். அன்று தப்பியதைக் கொண்டாடும் பூரிம் பண்டிகையில் யூதர்கள் இந்தப் புத்தகத்தை உரக்க வாசிக்கிறார்கள். ஆமான் பெயர் வரும்போதெல்லாம் கிலுகிலுப்பையைச் சுழற்றி, தரையை உதைத்து, அந்தப் பெயர் காதில் விழாமல் அடிக்கிறார்கள். குழந்தைகளுக்கு 'ஆமான் காது' என்று ஒரு பலகாரமும் உண்டு.

மொர்தெகாய் பிறகு ராஜாவுக்கு அடுத்த இடத்துக்கு வந்தார். அப்போதும் அவரை எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை, யூதர்களின் உச்ச சபையான சான்ஹெட்ரினின் பெரியவர்கள் சிலர் விலகிக்கொண்டார்கள் என்கிறது டால்மூத். அவர்களுக்காக அவர் எங்கேயும் மரம் நட்டதாகத் தகவல் இல்லை.