தகப்பனார் எழுதிய கட்டுரை

வாசகரின் காலத்தைச் சேமிக்க வேண்டும் என்பதை நூலக விஞ்ஞானத்தின் நான்காம் விதியாக 1931-இல் வகுத்தளித்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள், எழுதுகிறவனுடைய காலத்தைப் பற்றி ஏனோ மௌனம் சாதித்துவிட்டார். அந்த மௌனத்தின் பலனை நான் 14 மாதங்கள் அனுபவித்தேன்.

அப்பெரியாரின் முன்னெழுத்துகளிலேயே ஒன்று சீர்காழி என்ற ஊர், மற்றது தகப்பனார். நம்மில் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் என்பதே கிடையாதாகையால், நூற்பட்டியலில் இட்ட பெயரையே முதலில் வைக்க வேண்டும் என்று விளக்கி, தொழிற்பத்திரிகை ஒன்றுக்கு ஒரு வியாசம் அனுப்பியிருந்தேன். பரிசீலகர் ஒருவர் மிக நீளம் என்றார். மற்றவர் விரிவு போதாது என்றார். இருவரும் ஏகமனதாக வற்புறுத்தியது, மேற்கோள் பட்டியலில் ஆண்டுக்குப் பின்னுள்ள காற்புள்ளி முற்றுப்புள்ளியாக வேண்டும் என்பதொன்றே. 43 இடங்களில் மாற்றினேன்.

பிறகு ஒரு படிவம் வந்தது. குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் ஏற்பதற்கில்லையாம். வேறு வழியின்றித் தலைப்பெழுத்தை விரித்தெழுதினேன்.

இதழ் வந்ததும், எங்கள் நூலகத்தில் வழக்கம்போல் முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, அச்சிலிருந்தபடியே அட்டையும் எழுதியாயிற்று. அவ்வட்டையின் பிரகாரம், தமிழ்ப் பெயர்களைத் தாறுமாறாகப் பதிவதைக் கண்டிக்கும் அக்கட்டுரையின் கர்த்தா, ஆயுளில் ஒரு நாளும் நூலகப் படியேறாது வெல்லமண்டிக் கணக்கோடு காலங்கழித்த என் தகப்பனார்.

இருந்திருந்தால், சன்மானம் எவ்வளவென்று கேட்டிருப்பார்.