ஆற்றில் அரை மணி, ரோட்டில் அரை நாள்

டாக்காவில் ஒருநாள் சுற்றுலா நடத்துகிறவர்கள் கையில் கொடுக்கும் நிகழ்ச்சி நிரலுக்கு இலக்கியப் பரிசே கொடுக்கலாம். காலை 7 மணிக்கு ஹோட்டல் வாசல், 8 மணிக்குப் படகு, 1 மணிக்கு ஹில்சா மீனோடு சாப்பாடு, 5 மணிக்குப் பழையபடி ஹோட்டல் வாசல். இதில் கற்பனை கலக்காதது மீன் ஒன்றுதான்.

பனியன் தொழில் என்னை இந்த ஊரில் கொண்டுவந்து போட்டதிலிருந்து, சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் இப்படி ஒரு வண்டியில் ஏற்றிவிடுவது வழக்கம். நானே சுற்றிக் காட்டலாம்தான். ஆனால் வண்டி நகராதபோது யாரையாவது முறைக்கவேண்டும் அல்லவா? அதற்கு ஒரு கைடு இருப்பது குடும்ப ஒற்றுமைக்கு நல்லது. சென்னிமலையிலிருந்து மாமியார் வந்தபோதும் அப்படித்தான்.

முதல் வேலை கிழமை பார்ப்பது. அது முகூர்த்தம் குறிப்பதைவிடக் கஷ்டம். 1678-ல் கட்டத் தொடங்கி இன்றுவரை முடியாத லால்பாக் கோட்டைக்கு ஞாயிறு விடுமுறை. நவாப்களின் இளஞ்சிவப்பு மாளிகையான ஆசான் மன்சிலுக்கு வியாழன் விடுமுறை. வெள்ளியன்று மதியத்துக்கு மேல்தான் கதவு திறக்கும். ஆனால் வெள்ளிதான் ஊருக்கு வார விடுமுறை, ரோடு காலியாக இருக்கும் என்பார்கள். அப்படிச் சொல்லக் கேட்ட அத்தனை பேரும் அன்றைக்கு வண்டியெடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். நாங்களும் கோட்டை, மாளிகை இரண்டையும் விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே போகலாம் என்று வெள்ளியன்றே கிளம்பினோம். ராம்புராவைத் தாண்டுவதற்குள் எங்கள் மைக்ரோபஸ் நின்றது.

நின்ற வண்டியில்தான் கைடின் திறமை தெரியும். சாதாரணக் கைடு மன்னிப்புக் கேட்பார். எங்களுக்கு வாய்த்தவர் கலைஞர். முன்னால் நின்ற ரிக்‌ஷாவின் முதுகைக் காட்டி, "ஆன்ட்டி, இந்த ரிக்‌ஷா ஓவியத்தை 2023-ல் யுனெஸ்கோவே அங்கீகரித்துவிட்டது" என்றார். மயில், புலி, சினிமா கதாநாயகி எல்லாம் தகரத்தில் பளபளத்தன. உலகின் எந்த மியூசியத்திலும் ஒரு படத்தை அரை அடி தூரத்தில் இவ்வளவு நேரம் பார்க்க விடமாட்டார்கள். அடுத்து ஒரு பஸ் வந்து உரசி நின்றது. அதன் பக்கவாட்டுக் கீறல்களையும் விளக்குவாரோ என்று பார்த்தேன், விளக்கினார். ஜன்னல் வழியே வெள்ளரி, துண்டு, பாப்கார்ன், குழந்தைகளுக்கான ஆங்கில எழுத்துப் புத்தகம் என்று வரிசையாக வந்தன. மாமியார் துண்டு வாங்கினார். நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஷாப்பிங் அது.

டெம்ரா படகுத்துறையில் சீதளக்கா ஆறு எங்களுக்காகக் காத்திருந்தது. சிமெண்ட் ஆலை, மணல் ஏற்றி விளிம்புவரை தண்ணீரில் அமிழ்ந்த படகுகள், நடுவில் எங்கள் மோட்டார் படகு. ஆற்றில் யாரும் யாரையும் ஹாரன் அடித்துத் திட்டவில்லை. சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். 2019-ல் வங்கதேச உயர்நீதிமன்றம் ஆறுகளைச் சட்டப்படி உயிருள்ள நபர்கள் என்று அறிவித்ததைக் கைடு பெருமையாகச் சொன்னார். டாக்காவை ஒட்டி ஓடும் புரிகங்கா ஆற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நபர் குளித்து வெகுகாலம் ஆகிறது. மாமியார் எங்கள் ஊர்ப்பக்கத்து நொய்யல் ஆற்றைப் பார்த்தே வயதானவர். மூக்கைப் பொத்தவில்லை. "ஏனுங்க மாப்பிள்ளை, சாயப்பட்டறைத் தண்ணிங்களா?" என்று மட்டும் கேட்டார். என் சம்பளம் எந்தத் தொழிலிலிருந்து வருகிறது என்பதை நினைத்து, "மீன்கொத்தி பாருங்க அத்தை" என்று பேச்சை மாற்றினேன்.

ரூப்கஞ்ச் பக்கத்து ஜம்தானிப் புடவை நெசவாளர் ஊரில்தான் கைடுக்கு வேலை போனது. தகரக் கொட்டகைக்குள் குழித்தறி. ஒரு பக்கம் உஸ்தாத் எனும் தலைமை நெசவாளர், பக்கத்தில் உதவியாள் பையன். துணிமேல் வரைந்து வைத்த டிசைன் எதுவும் கிடையாது. பூ முழுக்க உஸ்தாதின் மனசில். கூர் சீவிய சின்னக் குச்சியால் பாவு இழைகளுக்கு நடுவே ஒவ்வொரு நூலாகக் கோர்த்துக்கொண்டே போகிறார்கள். "2013-ல் யுனெஸ்கோ..." என்று கைடு ஆரம்பித்தார். அதற்குள் மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டுத் தறிக்குழி ஓரமாக உட்கார்ந்து, அறுந்திருந்த பாவு இழை ஒன்றை முடிந்துவிட்டிருந்தார். சென்னிமலையில் தறியோடு பிறந்தவர். உஸ்தாத் நிமிர்ந்து பார்த்தார். அதன்பிறகு அவர் வங்காளத்தில் பேச, இவர் கொங்குத் தமிழில் பேச, எத்தனை கவுண்டு நூல், எத்தனை நாள் வேலை, கூலி எவ்வளவு, இடைத்தரகர் தின்பது எவ்வளவு என்பது வரை விரல் கணக்கிலேயே தீர்ந்துபோனது. மொழிபெயர்க்க வந்த கைடும் நானும் வெளியே நின்று டீ குடித்தோம். மாமியார் வாங்கிய புடவையின் விலை எனக்குக் கடைசிவரை சொல்லப்படவில்லை.

முராபாராவில் ஜமீன் மாளிகை ஒன்று, இப்போது கல்லூரி. இறங்கினோம், பார்த்தோம், ஏறினோம். சாப்பாட்டில் ஹில்சா வந்தது. கைடு வாய் திறக்காத ஒரே அரை மணி நேரம் அதுதான். அந்த மீனில் முள் அவ்வளவு.

பிறகு மறுபடி ரோடு, மறுபடி நிறுத்தம். போகுமிடம் சோனார்கான். 14-ம் நூற்றாண்டில் பயணி இபின் பதூதா சில்ஹெட் பக்கமிருந்து பதினைந்து நாள் ஆற்றோடு மிதந்து அந்த ஊருக்கு வந்தார் என்றார் கைடு. பதினைந்து நாளும் நகர்ந்துகொண்டாவது இருந்திருப்பார், பாக்கியசாலி.

சோனார்கானின் பானாம் நகரில் ஒரே தெரு. இரண்டு பக்கமும் ஜவுளி வியாபாரிகள் கட்டிய ஐம்பது சொச்சம் மாளிகைகள், காரை உதிர்ந்து, சுவரில் ஆலஞ்செடி முளைத்து நிற்கின்றன. கைடு தூண், வளைவு, ஜன்னல் என்று காட்டிக்கொண்டே வந்தார். மாமியார் தெருக்கோடிவரை நடந்துவிட்டுத் திரும்பினார்.

"வித்தவங்க வீடெல்லாம் இருக்குதுங்க. நெஞ்சவங்க வீடு எங்கீங்க?"

தெரு முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்த மனிதர், முதல்முறையாக வாட்டர் பாட்டிலைத் திறந்தார்.

வெயில் இறங்கிவிட்டது. விட்டதைப் பிடிக்கக் கைடு கடைசி அஸ்திரத்தை எடுத்தார்: பக்கத்திலேயே ஒரு தாஜ்மகால் இருக்கிறது. நிஜமாகவே இருக்கிறது. ஆசானுல்லா மோனி என்ற சினிமா இயக்குநர், இந்தியாவுக்குப் போக வசதியில்லாத ஜனங்கள் பார்க்கட்டும் என்று கட்டி 2008-ல் திறந்துவைத்தார். மும்தாஜ் இல்லை, யமுனை இல்லை. டிக்கெட் கவுண்டர் உண்டு. மாமியார் ஆக்ராவைப் பார்த்தவர். கைகட்டி நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க, இங்க வெயில் கம்மி" என்று சான்றிதழ் கொடுத்தார்.

கைடு முகத்தில் வெளிச்சம் திரும்பியது. "ஆன்ட்டி, அவரே கட்டிய பிரமிடும் இங்கே இருக்கிறது. பார்த்துவிட்டே போய்விடலாம்."

"எகிப்து இன்னொரு நாளைக்குப் போலாங்க," என்று புடவைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார் மாமியார். "டாக்கா எட்டத்துல இருக்குதுங்கல்ல."