நாலு மணிக்கு மேலே ஒரு கணக்கு

ஆரணிப் பிள்ளைகளின் நலன் பற்றிப் புள்ளிவிவரம் தேடினால் பட்டுப்புடவை விலைதான் வருகிறது. என்ன செய்ய?
– சமூகப்பணி மாணவி, ஆரணி

அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. நம்முடையது திருவள்ளூர் மாவட்டத்து ஆற்றங்கரை ஆரணி. பேரூராட்சி அளவில் கைக்குக் கிடைப்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அன்று ஆறாம் வகுப்பில் இருந்தவர் இன்று வேலைக்கே போயிருப்பார். அடுத்த கணக்கெடுப்பு 2027-ல். அதுவரை திருவள்ளூர் மாவட்டம் என்று தேடுங்கள். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) மாவட்டத்துக்கென்று தனித் தாள் உண்டு. ஒரு சிக்கல்: ஐந்து வயதுவரை உயரம், எடை பார்ப்பார்கள், பதினைந்துக்கு மேல் ரத்தம் பார்ப்பார்கள். இடையில் இருக்கும் பிள்ளை தானாக வளர்ந்துகொள்ள வேண்டியதுதான்!

பள்ளி பற்றிய தகவல்?
– பெற்றோர், பெரியபாளையம்

யூடைஸ் பிளஸ் தளத்துக்குப் போங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் இருக்கிறது. எத்தனை மாணவர், எத்தனை ஆசிரியர், கழிப்பறை, விளையாட்டு மைதானம் எல்லாம் கிடைக்கும். மைதானம் இருக்கிறதா என்று சொல்லும்; அதில் யாராவது விளையாடுகிறார்களா என்று சொல்லாது. அதை நீங்கள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

நானும் மனைவியும் சிப்காட்டில் ஷிப்ட். பையனுக்குப் பதினைந்து வயது. மாலையில் போனில் படிக்கிறேன் என்கிறான். நம்பலாமா?
– தொழிலாளி, கும்மிடிப்பூண்டி

நாடு தழுவிய கல்வி ஆய்வான அசர் 2024-ல், போன் பயன்படுத்தத் தெரிந்த 14-16 வயதினரிடம் முந்தைய வாரம் பற்றிக் கேட்டார்கள். படிப்பு தொடர்பாகப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் சுமார் 57 சதவீதம். சமூக ஊடகம் பார்த்தவர்கள் 76. கூட்டினால் நூறைத் தாண்டுகிறதே என்று பார்க்காதீர்கள், பலர் இரண்டையும் செய்கிறார்கள். உங்கள் பையன் சொல்வது பாதி உண்மையாக இருக்கலாம். இன்னொன்று, அசர் போவது கிராமங்களுக்கு மட்டும். ஆரணி, கும்மிடிப்பூண்டி போன்ற பேரூராட்சிகள் கணக்கில் நகரம். அகில இந்தியச் சராசரியை வைத்துக்கொண்டு அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

மாலை வகுப்புகளால் உண்மையிலேயே பயன் உண்டா? இல்லை, போட்டோவுக்கு மட்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பொன்னேரி

உண்டு என்று சொல்ல நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தன்னார்வலர்கள் தெருவிலும் திண்ணையிலும் பாடம் சொன்னார்கள். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில், கொரோனாவில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இத்திட்டத்தால் வந்தது என்பது அவர்கள் முடிவு. இதை எப்படிச் சொல்ல முடிந்தது தெரியுமா? அதே கிராமங்களில் 2019-லேயே, அதாவது கொரோனாவுக்கு முன்பே, அளந்து வைத்திருந்தார்கள். முன்பு அளக்காதவர் பின்பு பெருமையடிக்க மட்டுமே முடியும்.

படிப்பை அளக்கலாம். மனதை?
– செவிலியர், ஊத்துக்கோட்டை

கடினம், ஆனால் செய்திருக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு (2015-16), 13-17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது. ஐம்பது பேர் உள்ள வகுப்பில் மூன்று நான்கு பேர். அது நாட்டுக்கான மதிப்பீடு, ஆரணியின் கணக்கு அல்ல. ஒரு பிள்ளை தவிக்கிறது என்று தெரிந்தால் சதவீதம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மனநல உதவிக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098.

அதிகாரிகளிடம் தகவல் கேட்டால் 'நாளைக்கு வாங்க' என்கிறார்களே?
– வாசகர், கவரைப்பேட்டை

தகவல் உரிமைச் சட்டம் 2005. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். 'ஏன் செய்யவில்லை?' என்று கேட்டால் தப்பித்துவிடுவார்கள். 'இன்ன மையத்தின் இன்ன மாத வருகைப் பதிவேட்டின் நகல் வேண்டும், பெயர்களை மறைத்துத் தரவும்' என்று கேளுங்கள். காரணத்தைக் கேட்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள்.

எங்கள் நிறுவனம் சமூகப் பொறுப்பு நிதியில் மாலை மையம் நடத்துகிறது. 'பயனடைந்தோர் 300' என்று போட்டால் போதாதா?
– மேலாளர், கும்மிடிப்பூண்டி

முதல் நாள் சுண்டலுக்கு வந்தவர்களையும் சேர்த்தா? மூன்று எண்களைப் போடுங்கள்: ஜூனில் சேர்ந்தவர், மார்ச்சில் இருந்தவர், இடையில் நின்றவர். நின்றவர்களிடம் ஏன் நின்றீர்கள் என்று கேளுங்கள். 'இருட்டின பிறகு தனியாக வீடு திரும்ப பயம்' என்று ஒரு பெண்பிள்ளை சொன்னால், அந்த ஒரு வரி உங்கள் ஆண்டறிக்கையைவிடப் பெரிய தகவல்.

நானே வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கட்டுமா?
– மீண்டும் அதே மாணவி, ஆரணி

தாராளமாக! பெற்றோர் சம்மதம் வாங்குங்கள், பெயர் குறிக்காதீர்கள், பத்துக் கேள்விக்கு மேல் வேண்டாம். ஷிப்ட் பார்க்கும் வீடு என்றால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். முடிவை முதலில் அந்தத் தெருவுக்குச் சொல்லுங்கள், பிறகு பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு, கடைசியில் கல்லூரிக்கு. மதிப்பெண் கல்லூரி போடும். தெருவிளக்கு வேண்டுமா, மாலை மையம் வேண்டுமா என்று அந்தத் தெரு சொல்லும்.