சேர்ப்பது எளிது, எடுப்பது எதை?

கேள்வி: திறந்தமூலப் பயிற்சிப் பாடம் ஒன்றுக்குப் புதிய பகுதி எழுதி அனுப்பினேன். 'நன்றி, சேர்க்க இயலாது' என்று திருப்பிவிட்டார்கள். சும்மா கொடுத்தாலும் வேண்டாமா?

பதில்: நீங்கள் கொடுத்தது சும்மாதான். அதற்கு நேரம் கொடுக்க வேண்டியவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவராயிற்றே! 1998-ல் கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி என்ற பயிற்சித் திட்டத்தைப் பாருங்கள். ஆய்வாளர்களுக்கு இரண்டே நாளில் யுனிக்ஸ் ஷெல், கிட், அதோடு பைத்தானோ ஆர் மொழியோ சொல்லித்தர வேண்டும். பந்தியில் இடமில்லாதபோது இன்னொரு இலையை எங்கே போடுவது? அதனால்தான் புதிதாக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறவர், எதை எடுக்கலாம் என்றும் சொல்ல வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

உங்கள் உழைப்பு வீணில்லை. சாஃப்ட்வேர் கார்பென்ட்ரியின் பாடங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பவை. நீங்கள் எழுதிய பாடமும் அதே உரிமத்தில் இருந்தால், மூலத்தைக் குறிப்பிட்டு, உங்கள் பகுதியையும் சேர்த்துத் தனிப்பாடமாகவே வெளியிடலாம், வகுப்பும் எடுக்கலாம்.

அடுத்த முறை சிறிதாகத் தொடங்குங்கள். கிட்டின் முதன்மைக் கிளையின் பெயர் பாடத்தில் 'மாஸ்டர்' என்றிருக்க, மாணவரின் திரையில் 'மெயின்' என்று வந்தால் அவர் அங்கேயே திகைத்து நின்றுவிடுவார். அந்த ஒரு வரியைத் திருத்தி அனுப்புங்கள். பத்துப் பக்கப் புதுப் பாடத்தைவிட அது பெரிய உதவி.